கோப்புப் பாதைகளின் இலக்கணம் : இயக்க முறைமைகளுக்கிடையே பகுப்பாய்வும் பெயர்ப்பும்

0. முன்னுரை

கணிப்பொறியில் சேமிக்கப்படும் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரியைக் கோப்புப் பாதை என்பர். சொற்றொகுதிகளையும் அகராதிகளையும் மொழிபெயர்ப்பு நினைவகங்களையும் உருவாக்குவோர் நாள்தோறும் இப்பாதைகளைக் கையாளுகின்றனர். ஒரு முறைமையில் உருவாக்கப்பட்ட சொற்றொகுதி மற்றொரு முறைமைக்கு மாற்றப்படும்போது, உள்ளடக்கம் முழுவதும் பழுதின்றி வந்து சேர்ந்திருந்தும், அதன் பொருளடைவுக் கோப்பு சுட்டும் பாதைகள் பொருந்தாமையால் 'கோப்பு இல்லை' என்னும் செய்தியே கிடைப்பதுண்டு. கண்முன் இருக்கும் கோப்பைக் கணிப்பொறி இல்லை என்கிறது. இது பொறியின் பிழையன்று. ஒரு மொழியின் தொடரை மற்றொரு மொழியின் இலக்கணங்கொண்டு பகுத்ததன் விளைவாகும்.

கோப்புப் பாதையை இலக்கணமுடைய ஒரு குறுந்தொடராகக் கொண்டு அதன் கூறுகளையும், முறைமைதோறும் அக்கூறுகள் வேறுபடும் விதத்தையும், அவற்றைப் பகுக்கும் நிரல்கள் எதிர்கொள்ளும் பொருள்மயக்கங்களையும் விளக்குவது இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுகளில் தமிழ்ப் பெயர்களே இடப்பட்டுள்ளன. பழைய முறைமைகள் பலவற்றில் தமிழ்ப் பெயர்களுக்கு இடமில்லை. ஆகவே அங்குக் குறிகளின் அமைப்பு மட்டுமே கருதத்தக்கது.

1. பாதையின் கூறுகள்

/மொழி/தமிழ்/சொல்.உரை என்னும் யூனிக்ஸ் பாதையை எடுத்துக்கொள்வோம். இதில் முதலில் நிற்கும் சாய்கோடு வேரைக் குறிக்கும். 'மொழி', 'தமிழ்' என்பன கோப்பகப் பெயர்கள். 'சொல்.உரை' என்பது கோப்பின் பெயர். இடையில் நிற்கும் சாய்கோடுகள் பிரிகுறிகள். இங்கு ஒரே குறி இரு பணிகளைச் செய்கிறது என்பது நோக்கத்தக்கது. முதலிடத்துச் சாய்கோடு பொருளுடையது. அது ஓர் இடத்தைச் சுட்டுகிறது. இடைநிலைச் சாய்கோடு எல்லையை மட்டும் காட்டுகிறது. ஒரே உருபு இருக்குமிடத்தால் பணி வேறுபடுவதற்கு இது எளிய சான்றாகும்.

வேரிலிருந்து தொடங்கும் பாதை முழுப்பாதை. வேரின்றித் தொடங்குவது சார்புப் பாதை. 'தமிழ்/சொல்.உரை' என்பதன் பொருள், அதனைக் கூறும் நிரல் அப்போது எக்கோப்பகத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இயற்கை மொழியில் 'இங்கு', 'அங்கு' என்னும் சுட்டுச் சொற்கள் பேசுவோரின் இடத்தைச் சார்ந்து பொருள் தருவதைப் போன்றது இது. ஒற்றைப் புள்ளி நடப்புக் கோப்பகத்தையும் இரட்டைப் புள்ளி அதன் மேற்கோப்பகத்தையும் சுட்டும்.

2. முறைமைதோறும் இலக்கணம்

2.1 யூனிக்ஸ்

யூனிக்ஸுக்கு முன்னோடியான மல்டிக்ஸ் முறைமை '>' என்னும் குறியைப் பிரிகுறியாகக் கொண்டது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தோன்றிய யூனிக்ஸ் படிநிலைக் கோப்பக அமைப்பை ஏற்றுப் பிரிகுறியைச் சாய்கோடாக மாற்றியது. யூனிக்ஸின் எழுத்து விதி மிக எளிது. சாய்கோடும் சுழிய பைட்டும் தவிர எதுவும் பெயரில் வரலாம். இடைவெளி, வினாக்குறி, முக்காற்புள்ளி, பின்சாய்கோடு ஆகிய அனைத்தும் பெயரின் எழுத்துகளே.

2.2 டாஸும் விண்டோஸும்

1981இல் வெளிவந்த எம்.எஸ்.-டாஸின் முதற் பதிப்பில் கோப்பகங்கள் இல்லை. 1983இல் வந்த 2.0 பதிப்பே அவற்றைப் புகுத்தியது. அதற்குள் சாய்கோடு கட்டளைகளின் விருப்பங்களைக் குறிக்கும் குறியாக நிலைபெற்றுவிட்டமையால், பிரிகுறியாகப் பின்சாய்கோடு தேர்ந்தெடுக்கப்பட்டது. முறைமையின் உட்பகுதி இரு குறிகளையும் ஏற்றுக்கொண்டது. கட்டளை வரியே வேறுபாடு காட்டியது.

விண்டோஸில் வேர் ஒன்றன்று. ஒவ்வொரு வட்டுக்கும் தனி வேர் உண்டு. ஆதலின் வட்டு, வேர் என்னும் இரு கூறுகளின் இருப்பும் இன்மையும் கொண்டு நான்கு வகைப் பாதைகள் அமைகின்றன.

(அ) + வட்டு, + வேர் : சி:\மொழி\சொல். இதுவே முழுப்பாதை.
(ஆ) + வட்டு, − வேர் : சி:சொல். சி வட்டில் அப்போது நடப்பிலுள்ள கோப்பகத்தைச் சார்ந்தது.
(இ) − வட்டு, + வேர் : \மொழி\சொல். நடப்பு வட்டின் வேரைச் சார்ந்தது.
(ஈ) − வட்டு, − வேர் : மொழி\சொல். முற்றிலும் சார்புப் பாதை.

யூனிக்ஸில் முழுமை, சார்பு என்னும் இருவகைப் பாகுபாடே போதும். அவ்விரண்டையே அறிந்த நிரலாளர் விண்டோஸில் (ஆ), (இ) வகைகளைக் காணாது விடுவதே பல பிழைகளுக்கு ஊற்றாகும். இவையன்றி, இரு பின்சாய்கோடுகளுடன் தொடங்கும் பாதை வலையமைப்பிலுள்ள மற்றொரு கணிப்பொறியின் பெயரையும் அது பகிரும் கோப்பகத்தையும் குறிக்கும்.

2.3 மேக்கிண்டாஷ்

மேக்கிண்டாஷின் பழைய முறைமை முக்காற்புள்ளியைப் பிரிகுறியாகக் கொண்டது. அதன் விதி யூனிக்ஸுக்கு நேர்மாறானது. பிரிகுறியுடன் தொடங்கும் ':தமிழ்:சொல்' என்பது சார்புப் பாதை. பெயருடன் தொடங்கும் 'வட்டு:தமிழ்:சொல்' என்பது முழுப்பாதை. இரட்டைப் பிரிகுறியின் நிலையும் ஒப்பிடத்தக்கது. யூனிக்ஸில் பாதையின் இடையில் வரும் '//' ஒற்றைச் சாய்கோட்டுக்கு நிகர், இரட்டித்தலுக்குப் பொருளில்லை. மேக்கிண்டாஷில் '::' ஒரு படி மேலே செல்வதைக் குறிக்கும். இரட்டித்தல் பொருள் வேறுபடுத்துகிறது. ஒரு மொழியில் ஒலியனாக உள்ள வேறுபாடு மற்றொன்றில் மாற்றொலியாக நிற்பதை ஒத்தது இந்நிலை.

2001இல் வெளிவந்த மேக் ஓ.எஸ். எக்ஸ் யூனிக்ஸ் அடித்தளத்தை ஏற்றது. ஆயினும் பழைய பயனர்கள் தம் பெயர்களில் சாய்கோட்டை வழங்கி வந்தமையால், பயனர் பெயரில் இடும் சாய்கோடு அடித்தளத்தில் முக்காற்புள்ளியாக வைக்கப்படுகிறது. இரு மொழிகள் ஒரே பொறியில் அருகருகே வாழ்வதன் விளைவு இது.

2.4 வி.எம்.எஸ்.

வி.எம்.எஸ். முறைமையின் பாதை 'வட்டு:[மொழி.தமிழ்]சொல்.உரை;3' என்னும் அமைப்பினது. கோப்பகங்கள் பகர அடைப்புக்குள் புள்ளியாற் பிரிக்கப்படும். பெயரை அடுத்து வகையும், அரைப்புள்ளிக்குப்பின் பதிப்பெண்ணும் வரும். இங்கு ஒவ்வொரு கூறுக்கும் தனித்தனி அடையாளக்குறி இருப்பதால் பகுத்தல் எளிது. ஆனால் பதிப்பெண் என்னும் இலக்கணக் கூறு பிற முறைமைகளில் இல்லாமையால் பெயர்த்தல் அரிது.

3. பொருள்மயக்கம்

மேற்கண்ட இலக்கணங்களை ஒப்பிட்டால் ஒரே எழுத்துக்கோவை பல பொருள் தருவது புலனாகும். 'அ:ஆ' என்னும் கோவையைக் காண்க. யூனிக்ஸில் இது மூன்று எழுத்துடைய ஒரே பெயர். பழைய மேக்கிண்டாஷில் 'அ' என்னும் வட்டின் வேரிலுள்ள 'ஆ' என்னும் கோப்பு. 'அ' என்பது வட்டைக் குறிக்கும் எழுத்தாயின், விண்டோஸில் அவ்வட்டின் நடப்புக் கோப்பகத்திலுள்ள 'ஆ'. முதலாவது சார்புப் பாதை, இரண்டாவது முழுப்பாதை, மூன்றாவது இரண்டுமற்றது. இவ்வாறே 'அ\ஆ' என்பது யூனிக்ஸில் பகாப்பதம், விண்டோஸில் பகுபதம்.

இதனின்று பெறப்படுவது யாதெனில், கோவையை மட்டும் நோக்கி அதன் மொழியைத் துணிய இயலாது என்பதாம். எம்முறைமையின் பாதை என்னும் செய்தி கோவைக்குப் புறத்தேயிருந்து வர வேண்டும். பல நிரல்மொழிகளின் பழைய கருவிகள், தாம் இயங்கும் பொறியின் இலக்கணமே பாதையின் இலக்கணம் எனக் கொண்டன. விண்டோஸில் தயாரித்த பட்டியலை யூனிக்ஸ் பொறியில் படிக்கும்போது இக்கொள்கை தோல்வியுறுகிறது. பைத்தான் மொழியின் 3.4 பதிப்பில் 2014இல் சேர்க்கப்பட்ட 'பாத்லிப்' என்னும் நிரலகம், யூனிக்ஸ் பாதை, விண்டோஸ் பாதை என இரு வகைமைகளைத் தனித்தனியே வகுத்து, எப்பொறியிலும் எவ்விலக்கணத்தையும் வெளிப்படையாகத் தேர்ந்து பகுக்க வழிசெய்தது.

கோப்பு வகையைக் காட்டும் பின்னொட்டும் இத்தகையதே. டாஸில் பெயருக்கு எட்டு, பின்னொட்டுக்கு மூன்று எனத் தனியிடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. இடையிலுள்ள புள்ளி சேமிக்கப்படுவதே இல்லை. அங்குப் பின்னொட்டு ஓர் இலக்கணக் கூறு. யூனிக்ஸில் புள்ளி பெயரின் எழுத்துகளுள் ஒன்று. பின்னொட்டு வழக்காறு மட்டுமே. ஆதலின் 'சொல்.உரை.சுருக்கம்' என்பதில் பின்னொட்டு ஒன்றா இரண்டா என்பதற்கும், புள்ளியிற் தொடங்கும் '.குறிப்பு' முழுவதும் பெயரா என்பதற்கும் நிரல்களே மரபு வகுத்துக்கொள்கின்றன. பைத்தான் இறுதிப் புள்ளிக்குப் பின்னுள்ளதையே பின்னொட்டாகக் கொள்கிறது. முதலிடத்துப் புள்ளியைப் பெயரின் பகுதியாகக் கருதுகிறது.

4. புணர்ச்சி

இரு பாதைகளை இணைத்தல் நிரல்களில் மிகுதியாக நிகழும் செயல். தமிழிலக்கணத்தார் கூறும் புணர்ச்சி வகைகள் இதனை விளக்கப் பயன்படுகின்றன. 'மொழி/' என்பதுடன் 'தமிழ்' சேரும்போது மாற்றமின்றி இயல்பாகப் புணர்கிறது. 'மொழி' என்பதுடன் 'தமிழ்' சேர்ந்தால் இடையே சாய்கோடு தோன்றுகிறது. இரு சாய்கோடுகள் அடுத்து வருமிடத்து ஒன்று கெடுகிறது. விண்டோஸில் பாதையைச் செம்மைப்படுத்தும்போது சாய்கோடு பின்சாய்கோடாகத் திரிகிறது.

இவற்றுள் அடங்காத ஒன்றும் உண்டு. வருமொழி முழுப்பாதையாயின் நிலைமொழி முழுவதும் கெடும். பைத்தானில் '/சேமிப்பு' என்பதுடன் '/மொழி' என்பதை இணைத்தால் கிடைப்பது '/மொழி' மட்டுமே. முழுப்பாதை தன்னளவில் நிறைவுடையது என்னும் கருத்தின்படி இது முறையே. ஆனால் பயனர் தரும் பெயரைத் தமக்குரிய கோப்பகத்துக்குள் அடக்க எண்ணி இணைக்கும் நிரலாளர், இவ்விதியை அறியாவிடின், தம் கோப்பகத்துக்கு வெளியே கதவைத் திறந்துவைத்தவராவார். பிரிகுறியைத் தாமே ஒட்டிக் கோவைகளைக் கூட்டுவதும், பிரிகுறி கண்டவிடமெல்லாம் கோவையை வெட்டுவதும் தவிர்க்கப்பட வேண்டியவை. அவை புணர்ச்சி விதியறியாது சொற்களைச் சேர்ப்பதற்கும் பிரிப்பதற்கும் ஒப்பாகும்.

5. வடிவமும் பொருளும்

'/அ/இ/../ஆ' என்னும் பாதையில் 'இ' என்பதும் அதனையடுத்த இரட்டைப் புள்ளியும் ஒன்றையொன்று நீக்கிக்கொள்ள, '/அ/ஆ' எஞ்சும் என்று தோன்றும். எழுத்தளவில் இது சரி. ஆனால் 'இ' என்பது '/க/ங' என்னும் வேறிடத்தைச் சுட்டும் குறியீட்டு இணைப்பாயின், அங்கிருந்து ஒரு படி மேலேறினால் அடைவது '/க'. முழுப்பாதையும் '/க/ஆ' என்பதையே சுட்டும். வடிவத்தை மட்டும் கொண்டு செய்யும் சுருக்கம் பொருளை மாற்றிவிடுகிறது.

யூனிக்ஸ் கட்டளைகளே இதில் ஒருமைப்பட்டிலை. பல கட்டளைச் செயலிகளில் கோப்பகம் மாற்றும் கட்டளை இரட்டைப் புள்ளியை எழுத்தளவிற் கொள்கிறது. கோப்புகளைப் பட்டியலிடும் கட்டளை கோப்பமைப்பு காட்டும் உண்மை இடத்தைக் கொள்கிறது. ராப் பைக் 2000இல் எழுதிய ஆய்வுரை, பிளான் 9 முறைமையில் கோப்பு எப்பெயரால் திறக்கப்பட்டது என்பதை முறைமையே நினைவில் வைத்து எழுத்தளவிலான பொருளை நிலைநாட்டிய வகையை விவரிக்கிறது. விண்டோஸின் வழக்கமான இடைமுகமும் எழுத்தளவிலேயே நீக்குகிறது. பாத்லிப் நிரலகமோ, பொருள் மாறக்கூடும் என்னும் காரணத்தால், பாதையை வெறுங்கோவையாகப் பகுக்கும் நிலையில் இரட்டைப் புள்ளியை நீக்காமல் விடுகிறது. பகுப்பாய்வில் தொடரியலின் எல்லை எது, பொருண்மையியலின் எல்லை எது என்னும் வினாவே இங்கு மூன்று வகையாக விடை பெறுகிறது.

6. எழுத்துக் குறியாக்கம்

6.1 பைட்டும் எழுத்தும்

பாதையைப் பகுப்பதற்குமுன் பைட்டுகளை எழுத்துகளாக அறிதல் வேண்டும். ஜப்பானில் வழங்கிய ஷிப்ட்-ஜிஸ் குறியாக்கத்தில் பல எழுத்துகள் இரு பைட் உடையன. அவற்றுட் சிலவற்றின் இரண்டாம் பைட்டின் மதிப்பு 92. பின்சாய்கோட்டின் மதிப்பும் அதுவே. 'ஸோ' என்னும் கதகனா எழுத்து, பத்து என்னும் எண்ணைக் குறிக்கும் எழுத்து, நோ நாடகத்தைக் குறிக்கும் எழுத்து ஆகியன அத்தகையன. பைட்டுகளை மட்டும் நோக்கும் நிரல் இவ்வெழுத்துகளை நடுவே பிளந்து, இல்லாத கோப்பகம் ஒன்றைக் கற்பித்துக்கொண்டது. அந்நாட்டுக் கணிப்பொறிகளில் 92ஆம் இடம் யென் நாணயக் குறியாகத் தோன்றுவதால், விண்டோஸ் பாதைகள் யென் குறியாற் பிரிக்கப்பட்டனவாகவே பயனர் கண்ணுக்குத் தெரிந்தன.

குறியாக்கத்தை நீக்குதல் முன்னா, பகுத்துச் சோதித்தல் முன்னா என்னும் வரிசையும் இன்றியமையாதது. மைக்ரோசாப்டின் ஐ.ஐ.எஸ். வலைவழங்கி, பாதையில் இரட்டைப் புள்ளி வழியே மேலேறும் முயற்சி உண்டா என முதலில் சோதித்தது. ஒரு பைட்டில் எழுத வேண்டிய சாய்கோட்டை முறைகேடாக இரு பைட்டில் எழுதினால் அச்சோதனைக்கு அது சாய்கோடாகத் தோன்றவில்லை. பின்னர்க் குறியாக்கம் நீங்கியதும் அது சாய்கோடாயிற்று. இக்குறைக்கான திருத்தம் 2000 ஆகஸ்டில் வெளியிடப்பட்டது. ஆயினும் அதனை நிறுவாத பொறிகளில் 2001 செப்டம்பரில் பரவிய நிம்டா என்னும் தீநிரல், நுழைவதற்குக் கையாண்ட வழிகளுள் இதுவும் ஒன்று. அதே 2001இல் வெளிவந்த யூனிகோடு 3.1, மிகக் குறுகியதல்லாத பைட் வடிவங்களை எழுத்தாகக் கொள்வதை விலக்கியது.

6.2 தமிழ்ப் பெயர்கள்

தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்னும் வேறுபாடு இல்லாமையால் யூனிக்ஸுக்கும் விண்டோஸுக்கும் இடையிலுள்ள அவ்வகைச் சிக்கல் தமிழ்ப் பெயர்களுக்கு எழுவதில்லை. ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. யூனிகோடில் ஒகர, ஓகார, ஔகார உயிர்மெய்களை இருவகையாக எழுதலாம். 'மொழி' என்னும் சொல்லில் ஒகரக் குறியை ஒரே குறியெண்ணாக இட்டால் சொல் நான்கு குறியெண்களைக் கொண்டது. எகரக் கொம்பு, கால் என இரண்டாக இட்டால் ஐந்து. யு.டி.எப்.-8 குறியாக்கத்தில் முன்னது 12 பைட். பின்னது 15 பைட். திரையில் இரண்டும் ஒன்றே. யூனிகோடு இரண்டையும் நிகரானவை என்கிறது. லினக்ஸ் முறைமை பொதுவாகப் பைட்டுகளையே ஒப்பிடுவதால் இவ்விரண்டும் அதற்கு வெவ்வேறு பெயர்கள். ஒரே கோப்பகத்தில் 'மொழி' என்னும் பெயரில் இரு கோப்புகள் தோன்றவும் கூடும்.

இந்நிலை செயற்கையானதன்று. 1998இல் ஆப்பிள் நிறுவனம் அறிமுகப்படுத்திய எச்.எப்.எஸ். பிளஸ் கோப்பமைப்பு பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. தமிழ் விசைப்பலகைகள் பெரும்பாலும் இணைந்த வடிவைத் தருகின்றன. அக்கோப்பமைப்பிலிருந்து லினக்ஸுக்கு வந்த 'தொல்காப்பியம்' என்னும் கோப்பை, விசைப்பலகையில் தட்டிய 'தொல்காப்பியம்' சென்று அடையவில்லை. முன்னுரையில் கூறிய இழப்புகளுள் ஒருவகை இங்ஙனமே நேர்கிறது. 2017இல் அதனிடத்துக்கு வந்த ஏ.பி.எப்.எஸ்., பெயரை எழுதியவாறே வைத்துக்கொண்டு ஒப்பிடும்போது மட்டும் இருவடிவையும் ஒன்றாகக் கருதுகிறது. தரப்படுத்தல் தீர்க்காத ஒன்றும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதிலாக எகரக் கொம்பையும் ளகர எழுத்தின் வடிவையும் இட்டு எழுதிய 'கெளதமன்', யூனிகோடின் நோக்கில் 'கௌதமன்' என்பதற்கு நிகரன்று, அது எழுத்துப்பிழையே.

நீளமும் கருதத்தக்கது. லினக்ஸின் பரவலான கோப்பமைப்புகளில் ஒரு பெயரின் எல்லை 255 பைட். தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் யு.டி.எப்.-8இல் மூன்று பைட் கொள்வதால் 85 குறியெண்களே அமையும். விண்டோஸின் என்.டி.எப்.எஸ். எல்லை 255 பதினாறு-பிட் அலகுகள். அங்குத் தமிழ்க் குறியெண் ஒன்று ஓர் அலகே. ஆதலின் விண்டோஸில் 100 குறியெண்களால் அமைந்த நூற்பெயர் ஒன்றை லினக்ஸில் அவ்வாறே இட இயலாது.

7. பெயர்ப்பு

பாதையை ஒரு முறைமையிலிருந்து மற்றொன்றுக்குப் பெயர்த்தலில், பிரிகுறியை மட்டும் மாற்றுவது சொல்லுக்குச் சொல் பெயர்ப்பதாகும். யூனிக்ஸில் இயல்பான 'ஏன்?' என்னும் கோப்புப்பெயர் விண்டோஸில் அமையாது. அங்கு வினாக்குறி பெயரில் வரலாகாது. பெயரின் இறுதிப் புள்ளியையும் இடைவெளியையும் விண்டோஸ் வழக்கமாக நீக்கிவிடும். ஆக்ஸ், கான், நல் முதலிய ஆங்கிலச் சுருக்கப் பெயர்கள் கருவிகளுக்கென ஒதுக்கப்பட்டமையால் அவற்றைக் கோப்புக்கு இடலாகாது. கடன்சொல்லை ஏற்கும் மொழியின் ஒலியமைப்புக்கேற்பத் திரிப்பது போல, இவற்றையும் திரித்தே ஏற்க வேண்டும்; திரித்த செய்தியை மூலப்பெயருடன் பதிவு செய்யவும் வேண்டும்.

மற்றொரு வழி இடைமொழி அமைத்தல். 1994இல் தரப்படுத்தப்பட்ட காமன் லிஸ்ப் மொழி பாதையை வெறுங்கோவையாகக் கொள்ளாது கணிப்பொறி, கருவி, கோப்பகம், பெயர், வகை, பதிப்பு என ஆறு கூறுகளையுடைய பொருளாகக் கொண்டது. எல்லா முறைமைகளையும் தழுவும் முயற்சி இது. ஆனால் யூனிக்ஸில் பதிப்பு இல்லை, வகை உறுதியில்லை. இல்லாத கூறுகளை எவ்வாறு நிரப்புவது என்பதில் மொழிச் செயலிகள் வேறுபட்டன. இயற்கை மொழிகளுக்கு இடைமொழி அமைக்க முயன்றோர் கண்ட இடர்ப்பாடும் இதுவே.

மென்பொருள்களை மொழிபெயர்ப்போர்க்குரிய செய்தி ஒன்று. விண்டோஸ் எக்ஸ்பியின் ஜெர்மன் பதிப்பில் நிரல்களுக்குரிய கோப்பகம் உண்மையிலேயே 'புரோகிராமே' என ஜெர்மனில் பெயரிடப்பட்டிருந்தது. ஆங்கிலப் பெயரை நேரே எழுதிவைத்த நிரல்களுக்கு அது அகப்படவில்லை. விஸ்டா பதிப்பிலிருந்து உண்மைப் பெயர் ஆங்கிலத்திலேயே நிற்க, திரையில் காட்டும் பெயர் மட்டும் மொழிபெயர்க்கப்படுகிறது. ஆகவே கையேட்டில் பயனர் தட்டச்சிட வேண்டிய பாதை வருமாயின் அதனை மொழிபெயர்த்தலாகாது. திரையில் கண்டு தேர்ந்தெடுக்க வேண்டிய பெயராயின் திரையில் தோன்றும் பெயர்ப்பையே வழங்க வேண்டும்.

8. முடிவுரை

கோப்புப் பாதை எளிய எழுத்துக்கோவையன்று. முறைமைதோறும் வேறுபடும் இலக்கணத்துக்கு உட்பட்ட தொடர். மேற்கூறியவற்றினின்று சொற்றொகுதிகளையும் மொழிபெயர்ப்புக் கருவிகளையும் உருவாக்குவோர் கடைப்பிடிக்கத்தக்கனவாகப் பின்வருவன பெறப்படுகின்றன.

1. பாதை எம்முறைமைக்குரியது என்பதை அதனுடன் பதிவு செய்தல் வேண்டும்; கோவையிலிருந்து ஊகித்தலாகாது.
2. பகுத்தலையும் இணைத்தலையும் அதற்குரிய நிரலகத்தைக் கொண்டே செய்தல் வேண்டும்.
3. பிறருக்கு வழங்கும் தொகுதிகளில் சார்புப் பாதைகளையே சாய்கோட்டுடன் எழுதுதல் நன்று.
4. தமிழ்ப் பெயர்களை இணைந்த வடிவில் தரப்படுத்திச் சேமித்தல் வேண்டும். ஒப்பிடுமுன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொணர்தல் வேண்டும்.
5. புறத்தேயிருந்து வரும் பாதையை முதலில் குறியாக்கம் நீக்கி, பின் பகுத்து, அதன் உண்மையிடம் அறிந்த பின்னரே அனுமதித்தல் வேண்டும்.

இவற்றுள் நான்காவது தமிழுக்கே சிறப்பாக உரியது. பிற நான்கையும் நிரலக ஆசிரியர்கள் ஓரளவு கவனித்து வருகின்றனர். 'மொழி' என்னும் சொல்லுக்கு இரு எழுத்துக்கூட்டல் உண்டு என்பதைத் தமிழறிந்தோரே எடுத்துக்காட்ட இயலும். தமிழ்த் தொகுதிகளின் தர விதிகளில் கோப்புப்பெயர்களின் வடிவத்தையும் சேர்ப்பது மொழியியலாரின் கடமையாகும்.